தலையைத் தூக்காதே

ஜனவரி 6

அன்பு மனைவிக்கு,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. ஆள் அனுப்பினால் அந்த லாரிக்காரப் பெண்மணி வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். விடுமுறை விண்ணப்பங்களைத் தவிர நான் எழுதும் முதல் கடிதம் இதுவாகத்தான் இருக்கும்.

நான் நலம். வீடுதான் நலமாக இல்லை. துவைத்த துணி எது, துவைக்காதது எது என்று மோந்து பார்த்துப் போட்டுக்கொள்கிறேன். ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டியைத் தவிர ஒன்றும் கிடையாது. அதுவும் என்னிடம் ஓடப் பழகுகிற நெட்டச்சியின் முழங்காலுக்காக வைத்தது.

அவள் பெயரை எடுத்தால் உனக்கு முகம் சிவக்கும் என்று தெரியும். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். நல்ல கால், நல்ல உயரம், நல்ல வயது. மண்டையில் மட்டும் எதுவும் ஏறமாட்டேன் என்கிறது. நீ அரை வாக்கியத்தில் பிடித்துக்கொள்வாய். அவளுக்குப் பத்துத் தடவை சொல்லவேண்டியிருக்கிறது. ஜூலையில் தேர்வுப் போட்டி. கடிகாரம் பிடிக்க, காலுக்குக் கட்டுப்போட, அவள் அழுதால் சமாதானம் சொல்ல ஒரு பெண் துணை வேண்டும். நீ திரும்பி வா. தடகளச் சங்கத்தில் பேசி உனக்கு ஒரு சம்பளமும் வாங்கித் தருகிறேன்.

போன வருஷம் நடந்ததை இன்னுமா மென்றுகொண்டிருக்கிறாய்? அன்றைக்கு நான் புருஷனாக முடிவெடுக்கவில்லை, மாஸ்டராக எடுத்தேன். உனக்கு முப்பதாகப் போகிறது. நூறு மீட்டர் ஓடுகிறவளுக்கு அது கிழப்பருவம். இதை வேறு யார் உன் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள்?

நீ அனுப்பிய விவாகரத்துக் காகிதம் மேஜைமேல் இருக்கிறது. டீ கிளாஸ் வைக்க உதவுகிறது. கையெழுத்துப் போடுவதாக இல்லை.

அன்புடன்,
மாஸ்டர்


ஜனவரி 19

மாஸ்டருக்கு,

நான் நலம். உங்கள் நலம் அறிய அவா என்று எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை.

"நடந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள், ஏதோ மழை பெய்ததைப் போல. அது தானாக நடக்கவில்லை, நீங்கள் செய்தீர்கள். நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பைக்ஸுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே தேர்வுக் குழுவிடம் நீங்கள் பேசியது எனக்குக் கேட்டது. "அவளுக்குப் பின்தொடைத் தசை கிழிஞ்சிடுச்சு சார். அவ ஒத்துக்க மாட்டா, வைராக்கியக்காரி. நீங்க வற்புறுத்தாதீங்க." எவ்வளவு கரிசனமான குரல். என் தொடை கிழியவில்லை. ஒரு கொசு கடித்த தடம்கூட அதில் இல்லை. ஆனால் சொன்னவர் கோச், அதற்கு மேல் புருஷன். யார் சந்தேகப்படுவார்கள்? என் இடத்தில் நெட்டச்சி போட்டிக்குப் போனாள். இளம் நட்சத்திரத்தைக் கண்டெடுத்தவர் என்று அடுத்த மாதமே உங்களைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். என் தொடைமேல் ஏறி நின்றுதான் அந்த நாற்காலியை எட்டினீர்கள்.

இப்போது பார்சல் கிடங்கில் வேலை செய்கிறேன். நகரும் பட்டையில் வருகிற பெட்டிகளை எந்த ஊருக்கு என்று பார்த்து அந்தந்தக் கூண்டில் தள்ளவேண்டும். நீங்கள் சொன்ன லாரிக்காரப் பெண்மணிக்குக் கிடங்கில் கிளட்ச் அக்கா என்று பெயர். அவர் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், உங்கள் குரல் கேட்காத நான்கு சுவர்.

உங்களுக்கு ஒரு செய்தி. மறுபடி ஓடுகிறேன். கிடங்குக்குப் பக்கத்து ஜிம்மில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். உங்களைவிட வயதில் இளையவர், இதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவர். துப்பாக்கி வெடித்ததும் தலையைத் தூக்கி எல்லைக்கோட்டைப் பார்க்கவேண்டுமாம். இரண்டாவது அடியிலேயே நிமிர்ந்துவிட வேண்டுமாம், நிமிர்ந்த உடம்புதான் வேகமாக ஓடுமாம். இத்தனை வருஷம் "குனி, குனி" என்று கத்தினீர்களே தவிர, ஏன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்கிறார். கேட்கச் சுகமாக இருக்கிறது.

டீ கிளாஸை எடுத்துவிட்டு அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சட்டப்படி மட்டும் உங்கள் மனைவி


ஜனவரி 27

அன்பு மனைவிக்கு,

கையெழுத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த ஜிம்காரன் யார்? பட்டம் வாங்கினவனாம். காற்றாடிப் பட்டமாக இருக்கும்.

நின்றுபோன காரைத் தள்ளுகிறவனைப் பார்த்திருக்கிறாயா? நிமிர்ந்து நின்றா தள்ளுகிறான்? உடம்பை முன்னால் சாய்த்து, காலைப் பின்னால் ஊன்றி, தரையை உதைக்கிறான். கார் உருண்டு வேகம் எடுக்க எடுக்க, அவன் உடம்பு தானாக நிமிர்கிறது. ஓட்டத்தின் ஆரம்பமும் அதுதான். நின்றுபோன கார் உன் உடம்பு. காலை ஊன்றுகிற பிளாக்கில் இருந்து கிளம்பும்போது நீ அடி எடுத்து வைக்கக் கூடாது. இரண்டு காலாலும் பிளாக்கை உதைத்துத் தள்ளவேண்டும். அடி தானாக விழும். முதல் சில அடிகளில் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் விசை போகும். அது முன்னால் சாய்ந்திருந்தால் நீ முன்னால் போவாய். செங்குத்தாக நின்றால் மேலே போவாய். மேலே என்ன இருக்கிறது, மாம்பழமா?

தலையைத் தூக்காதே. தலை தூக்கினால் முதுகு தூக்கும், முதுகு தூக்கினால் இடுப்பு உட்காரும். இடுப்பு உட்கார்ந்தால் ஓட்டமும் உட்கார்ந்துவிடும். கண் தரையைப் பார்க்கட்டும். நிமிரவேண்டும் என்று நீ நினைக்கவே கூடாது. வேகமே உன்னை நிமிர்த்தும்.

உனக்கு இதெல்லாம் இப்போது எதற்கு என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் என் கையில் வளர்ந்த ஸ்டார்ட்டை எவனோ கெடுக்கிறான் என்று கேட்டபின் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மாஸ்டர்


பிப்ரவரி 20

மாஸ்டருக்கு,

உங்கள் காரை ஜிம் மாஸ்டரிடம் ஓட்டிக் காட்டினேன். சிரித்துவிட்டு, "பழைய காலத்து ஆளா இருப்பார் போல" என்றார். நான் கோபப்படவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இங்கே பயிற்சி பிரமாதமாகப் போகிறது. தினமும் காலையில் கிடங்குச் சாலையில் நெடுந்தூரம் மெதுவாக ஓடச் சொல்கிறார். அதன்பிறகு உடனே வேக ஓட்டம். நடுவே உட்காரவே விடுவதில்லை. வியர்வை வழிந்து சட்டை பிழியும்படி ஆனால்தான் அன்றைக்குப் பயிற்சி நடந்ததாகக் கணக்காம். நேற்று நான் வந்து மாடிப்படியில் விழுந்த கோலத்தைப் பார்த்துக் கிளட்ச் அக்கா, "ஏன்டி, பார்சல்ல வந்த மாதிரி வர்ற? இந்தப் பக்கம் மேல்ன்னு அம்புக்குறி போட்டு ஒட்டணும் போல இருக்கு" என்றார்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். ஜூலைத் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். உங்கள் சங்கத்துக் குமாஸ்தா என்னைப் பார்த்ததும், "தொடை இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். பாவம், உண்மையாகவே வருத்தப்பட்டார். "வாயால கிழிஞ்சது சார், காத்துப் பட்டே ஆறிடுச்சு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

காகிதம் எங்கே?

இப்படிக்கு,
பெயர் கொடுத்தவள்


மார்ச் 3

மனைவிக்கு,

பெயர் கொடுத்திருப்பதாக நானும் கேள்விப்பட்டேன். கொடு. முதல் சுற்று ஹீட்ஸில் ஓடி, நாலாவதோ ஐந்தாவதோ வந்து, ஆசை தீர்ந்து வீட்டுக்கு வா. நான் தடுக்கவில்லை. ஆனால் அந்த மடையன் உன்னை ஹீட்ஸ் வரைக்குமே விடமாட்டான் போலிருக்கிறதே.

மெதுவாக நெடுந்தூரம் ஓடினால் மெதுவாக நெடுந்தூரம் ஓடத் தெரியும். வேறென்ன தெரியும்? வேகம் தசையில் மட்டும் இல்லை, நரம்பிலும் இருக்கிறது. நரம்பு களைத்தபின் வேகத்தைக் கற்றுக்கொள்ளாது. களைப்போடு ஓடினால் களைப்பாக ஓடத்தான் உடம்பு பழகும். முழு வேகத்தில் ஒரு சின்ன தூரம் ஓடு. பிறகு உட்கார். மூச்சு வாங்குவது நின்றபின்னும் உட்கார். சலிக்கும் வரை உட்கார்ந்துவிட்டு, அடுத்ததை ஓடு. முன்னதைவிட மெதுவாக வருகிறது என்று தெரிந்த நொடியில் அன்றைய பயிற்சியை முடித்துவிடு. இன்னும் ஒன்று ஓடலாமே என்று தோன்றும்போதே வீட்டுக்குப் போகிறவள்தான் ஓட்டக்காரி. உனக்கு இது வரவே வராது. ஓய்வெடுத்தால் குற்றம் செய்ததுபோல் முழிப்பாய்.

இந்த மாதம் முழுக்கச் சரிவான சாலையில் மேல்நோக்கி ஓடு. தலையைத் தூக்காதே என்று யாரும் கத்தவேண்டாம், மேடே உன்னைச் சாய்த்துவிடும். அடுத்த மாதம் இடுப்பில் கயிறு கட்டி ஒரு டயரை இழு. கனம் குறைவான டயர். கனமாக இழுத்தால் மாடு மாதிரி ஓடப் பழகுவாய். சமதரையில் முழு வேகம் அதற்கப்புறம்தான். வரிசையை மாற்றாதே.

பின்தொடையைக் கவனி. முழங்காலில் நின்றுகொள். யாராவது உன் இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். மெல்ல, முடிந்தவரை மெல்ல, முன்னால் சாய்ந்து விழு. சாகிற மாதிரி இருக்கும். செய். முழு வேகத்தில் கால் முன்னால் வீசும்போது பிடித்து நிறுத்துகிற கயிறு அந்தத் தசைதான். கிழிந்தால் அங்கேதான் கிழியும்.

நெட்டச்சி வாசலில் காத்திருக்கிறாள். இதை முடித்துவிட்டுத்தான் போகவேண்டும்.

மாஸ்டர்


ஏப்ரல் 14

மாஸ்டருக்கு,

கிழிந்தால் எங்கே கிழியும் என்று உங்களுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அன்றைக்குக் குழுவிடமும் இதே தெளிவோடுதான் பேசினீர்கள்.

உங்கள் வைத்தியத்தைச் சும்மா ஒரு நாள் செய்து பார்த்தேன். கிளட்ச் அக்கா என் கணுக்கால்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "உக்கார்ற வேலைன்னா என்னைக் கூப்பிடு, மத்த வேலைக்குக் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டு டீயையும் கையோடு எடுத்து வந்திருந்தார். நான் முகம் தரையில் மோத விழுந்தேன். அவர் டீயில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

ஜிம் மாஸ்டர் இப்போது நடையை நீளமாக்கிக்கொண்டிருக்கிறார். காலை எட்டின மட்டும் முன்னால் நீட்டி ஊன்றவேண்டுமாம். அடி நீளமானால் அடிகள் குறையும், அடிகள் குறைந்தால் சீக்கிரம் போய்ச் சேரலாம். கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது? பல்லைக் கடித்து, முஷ்டியை இறுக்கி, கோபத்தோடு ஓடச் சொல்கிறார். கோபத்துக்கு இங்கே பஞ்சமில்லை, அது ஒன்றுதான் என்னிடம் கைவசம் இருக்கிறது.

ஒரு காலத்தில் சமையலறைத் தரையில் வெறுங்காலோடு நின்று, தோசைக்கரண்டியை என் இடுப்பு உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு, "முழங்காலால தொடு, தொடு" என்று தாளம் போடுவீர்கள். அடுப்பில் எதுவோ கருகும். இரண்டு பேரும் சிரிப்போம். அது ஞாபகம் வந்தது. இன்றைக்கு அந்தக் கரண்டி கையில் கிடைத்தால் வேறு விதமாக உபயோகிப்பேன்.

காகிதத்தைப் பற்றி இந்தத் தடவை கேட்கவில்லை. நீங்களாகப் போடுவீர்கள்.

இப்படிக்கு,
கோபக்காரி


ஏப்ரல் 28

என் மனைவிக்கு,

கரண்டியை நான் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்.

காலை முன்னால் நீட்டி ஊன்றுகிறாயா? நீ ஓடவில்லை அம்மா, ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போட்டுக்கொண்டிருக்கிறாய். உன் கிளட்ச் அக்காவிடம் கேள், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு லாரி ஓட்டுவாரா என்று. கால் இடுப்புக்கு நேர் கீழே விழவேண்டும். முழங்கால் முன்னால் உயரட்டும், ஆனால் பாதம் அங்கேயே இறங்கக் கூடாது. மேலிருந்து கீழே, கீழிருந்து பின்னே, அடித்து இழு. அடியின் நீளம் காலை நீட்டுவதால் வருவதில்லை, தரையை அடிக்கும் அடியால் வருகிறது. கணுக்காலை விறைப்பாக வை. பாதம் படுத்தால் விசை செத்தது. தரை கொதிக்கிற தோசைக்கல் என்று நினைத்துக்கொள். அடிக்கலாம், தங்கக் கூடாது.

பல்லைக் கடிக்காதே. தாடை இறுகினால் கழுத்து இறுகும், கழுத்து இறுகினால் தோள். தோள் இறுகினால் கை வீசாது, கை வீசாமல் கால் வராது. கன்னத்துச் சதை குலுங்கவேண்டும். முழங்கையைப் பின்னால் தள்ளு, முன்னால் அது தானாக வரும். கோபத்தோடு ஓடலாம். ஆனால் கோபம் முகத்துக்கு வரக் கூடாது.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். நெட்டச்சிக்குக்கூட இதை நான் சொன்னதில்லை. கடைசி முப்பது மீட்டரில் யாரும் வேகம் எடுப்பதில்லை. பார்க்கிறவர்களுக்கு அப்படித் தெரியும், அவ்வளவுதான். அங்கே எல்லோருக்குமே வேகம் குறைகிறது. யாருக்குக் குறைவாகக் குறைகிறதோ அவள் ஜெயிக்கிறாள். பக்கத்தில் ஒருத்தி முன்னேறுகிறாள் என்று தெரிந்ததும் முட்டிமோதுகிறவள் உடைந்துபோவாள். எதையும் கூட்டாதே. இருப்பதைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்.

உன் பழைய ஓட்டங்களின் வீடியோவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் அன்றைக்கே உட்கார வைத்து உனக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உனக்கு நான் தேவைப்படமாட்டேனோ என்று ஒரு பயம். எழுதும்போதுதான் தெரிகிறது.

ஒரு தடவை வந்து உன் ஓட்டத்தைப் பார்க்கட்டுமா? தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

உன்,
மாஸ்டர்


ஜூன் 9

என் மனைவிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

தேர்வுக்கு முன்னால் உள்ள வாரங்களில் பயிற்சியைப் பாதியாகக் குறை. வேகத்தைக் குறைக்காதே, அளவை மட்டும் குறை. கால் துறுதுறுவென்று இருக்கும், ஏமாந்துவிடாதே.

ஒரு வரியாவது எழுது.

மாஸ்டர்


ஜூலை 15

மனைவிக்கு,

வாழ்த்து. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நெட்டச்சியின் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நின்றேன். துப்பாக்கி வெடித்தது. எட்டு பேரில் ஏழு தலை மேலே வந்தது. ஒரு தலை வரவில்லை. அது யார் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுதின ஒவ்வொரு வரியும் டிராக்கில் ஓடி வந்தது. கணுக்கால் விறைப்பு, முழங்கை, குலுங்கும் கன்னம், எல்லாம். நெட்டச்சி கடைசியில் முட்டிமோதி உடைந்தாள். நீ உடையவில்லை. என் கையில் இருந்த பாட்டில் கீழே விழுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் "அடி, அப்படித்தான்" என்று கத்திவிட்டேன். சங்கத்து ஆட்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் ஓட்டக்காரி தோற்றிருக்கிறாள், நான் குதிக்கிறேன்.

அப்புறம் மைக்கை நீட்டினார்கள். "யார் உங்க கோச்?" என்று கேட்டார்கள். நீ மூச்சு வாங்கிக்கொண்டே, "யாரும் இல்ல. நானா ஓடினேன்" என்றாய்.

யாரும் இல்லையா? அந்த ஜிம்காரன் பெயரையாவது சொல்லியிருந்தால், சரி, ஒரு மனிதனைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு கிடந்திருப்பேன். 'யாரும் இல்லை' மேல் எப்படிப் பொறாமைப்படுவது?

குழுத் தலைவர் நேற்றுக் கூப்பிட்டார். "கிழிஞ்ச தொடை இப்படி ஓடுமாய்யா? போன வருஷம் எங்ககிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டார். எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நாற்காலி ஆடுகிறது. நீ நினைத்தால் நிறுத்தலாம். "காயத்தில் இருந்து என்னை மீட்டு, கடிதம் மூலமாகவே பயிற்சி கொடுத்தவர் என் கணவர்" என்று பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிக் கொடு. அதில் பாதி உண்மைதானே? பாதிக்கும் மேல் உண்மை. நான்தானே சொல்லித்தந்தேன்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்.

உன்,
மாஸ்டர்


ஜூலை 24

மாஸ்டருக்கு,

நீங்கள்தான் சொல்லித்தந்தீர்கள். ஒவ்வொரு எழுத்தையும் நீங்கள்தான் சொல்லித்தந்தீர்கள். இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன், பத்திரிகைக்கு எழுதமாட்டேன்.

ஜிம் மாஸ்டர் என்று யாரும் இல்லை. கிடங்குக்குப் பக்கத்தில் ஜிம்மும் இல்லை, பஞ்சர் ஒட்டுகிற கடை ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் சொன்ன டயர் அங்கே வாங்கினதுதான். எனக்கு உங்களிடம் இருந்து வேண்டியது ஒன்றே ஒன்று, இத்தனை வருஷம் நீங்கள் பூட்டி வைத்திருந்த 'ஏன்'. கேட்டால் தரமாட்டீர்கள். தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க உங்களால் முடியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நீங்கள் பேனாவால் கெட்டீர்கள். உங்கள் கடிதம் வரும் நாளில் கிளட்ச் அக்கா படியில் உட்கார்ந்து, "படி படி, உன் புருஷன் இன்னைக்கு எதைக் கொட்டியிருக்கான் பார்ப்போம்" என்பார். சிரித்துக்கொண்டே படிப்போம். மறுநாள் அதில் உள்ளதை ஓடிப் பார்ப்போம். ஜூனில் வந்த கடிதத்துக்கு மட்டும் அக்கா சிரிக்கவில்லை. "இந்த ஆளுக்கு நீ வேணும்டி" என்றார். "தெரியும்கா, அதனாலதான் பதில் போடலை" என்றேன்.

ஓட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், உங்களுக்கு அது பிடிக்கும். பிளாக்கில் காலை வைத்தபோது எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை, பயமும் இல்லை. தரை மட்டும் இருந்தது. உதைத்தேன். வெகு நேரம் தரையையே பார்த்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. நிமிர்ந்தபோது பக்கத்தில் நெட்டச்சியின் மூச்சு கேட்டது. அது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போயிற்று. அந்தச் சத்தம் பின்னால் போகிற சுகத்தை எழுதத் தெரியவில்லை. போன வருஷம் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவளுக்கு யாரோ ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்த மாதிரி இருந்தது.

மைக்கில் உங்கள் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஜனவரியிலேயே முடிவு செய்திருந்தேன். உங்களை அடித்தால் வலிக்காது, திட்டினால் வலிக்காது. உங்கள் வேலையை ஊரே பார்த்துக் கை தட்டும்போது, அது உங்களுடையது என்று ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அதுதான் வலிக்கும். வலித்ததா?

இனிமேல் எழுதப்போவது பழி தீர்த்த கணக்கில் வராது. உடை மாற்றும் அறையில் நெட்டச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இதுவரை அவளோடு நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. "அக்கா, உங்க கால் கிழிஞ்சிருக்குன்னு மாஸ்டர் சொன்னாரே. அதனாலதான் போன வருஷம் நான் போக ஒத்துக்கிட்டேன்" என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு, "உங்களுக்கு நிஜமாவே யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டாள். நான் மைக்கில் சொன்னதையே அவளிடமும் சொல்லியிருக்கலாம். "உன் மாஸ்டர்தான். கடிதத்துல" என்றேன்.

அவள் ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மூணு மாசமா அவர் என் ஓட்டத்தைப் பார்க்கவே இல்லக்கா. எந்நேரமும் உக்கார்ந்து ஏதோ எழுதிட்டிருப்பார். சங்க வேலைன்னு நினைச்சேன்" என்றாள். அப்புறம், "அப்ப எனக்கு என்ன சொல்லிக்கொடுத்தாரு?" என்று கேட்டாள்.

என் இடத்தை அவளுக்குக் கொடுத்தீர்கள், அவள் பங்கை எனக்குக் கொடுத்தீர்கள். உங்களை நம்பின இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றிச் செய்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டாவதற்குத் தூண்டில் போட்டவள் நான். உங்களைப் பார்த்து எறிந்த கல் அந்தப் பெண்ணின் முதுகிலும் பட்டது. உண்மையை அவளிடம் சொன்னது அவளுக்காகவா, உங்கள்மேல் இன்னும் ஒரு கல் எறியவா என்று கேட்டால் எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. உங்களிடம் இதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். அவளிடம் கேட்டேன்.

புதுக் காகிதம் இணைத்திருக்கிறேன், பழையதில் டீக்கறை இருக்கும். குழுவுக்கு என்ன விளக்கம் எழுதுவது என்று யோசிக்கிறீர்கள். உண்மையை எழுதிப் பாருங்கள். உங்களுக்குத்தான் இப்போது எழுத நன்றாக வருகிறதே.

இப்படிக்கு,
ஜெயித்தவள்


ஆகஸ்ட் 2

உனக்கு,

கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். மூன்று பக்கத்திலும் போட்டிருக்கிறேன், சரிபார்த்துக்கொள்.

குழுவுக்கு உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலு வரிதான் வந்தது. நாற்காலி போய்விட்டது. நெட்டச்சி அதற்கு முன்பே போய்விட்டாள். பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "எனக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம் மாஸ்டர்" என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. யாரிடம் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. உன்னிடம் வந்தால், அவளுக்கு முழங்கை வெளியே விரிகிறது. பார்த்துக்கொள்.

வலித்ததா என்று கேட்டிருந்தாய். வலித்தது.

பழியைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. ஓட்டத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். எல்லைக்கோட்டுக்கு முன்னால் நீ தலையை இடப்பக்கம் திருப்பினாய். நெட்டச்சி எங்கே என்று பார்த்ததாக டிவியில் சொன்னார்கள். நெட்டச்சி உனக்கு வலப்பக்கம். இடப்பக்கம் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். என் முகம் எப்படி ஆகிறது என்று பார்க்கத் திரும்பினாய். அந்தத் திருப்பலில் தோள் சாய்ந்து வேகம் சிந்தியது. இந்த ஊர்ப் போட்டியில் அது பரவாயில்லை. நீ இனி ஓடப்போகிற இடங்களில் அந்தச் சிந்தலே தோல்வியாகிவிடும்.

அடுத்த ஓட்டத்துக்கு நான் வரமாட்டேன். டிவியிலும் பார்க்கமாட்டேன். அந்தப் பக்கம் இனி யாரும் நிற்கமாட்டார்கள்.

நேராகப் பார்த்து ஓடு.